தண்ணி குறைஞ்சா ஊத்து: இருங்காட்டுக்கோட்டையில் நின்றுபோன ஒரு மதுரை வண்டி

ஞாயிற்றுக்கிழமை மதியம், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் களத்தில் புதுமுகங்களுக்கான 6 லேப் பைக் பந்தயத்தில், 5ஆவது லேப்பில் எங்கள் வண்டி பாதையை விட்டு ஓரம் கட்டியது. அப்போது 7ஆவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விழவில்லை, யாருக்கும் அடிபடவில்லை, இஞ்சின் பிடித்துக்கொள்ளவும் இல்லை. அணிகள் வண்டியைத் தயார் செய்யும் பேடாக்கில் நின்று பார்த்தவர்களுக்கு அது "ஹெட் கேஸ்கட் போச்சுப்பா" என்று ஒரே வரியில் முடிகிற சமாச்சாரம். சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைத்திருக்கும் தகடு அது. மதுரைக்குக் கொண்டுவந்து பிரித்த பிறகுதான் கேஸ்கட் போனது கடைசிக் காரியம் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் பல மாதமாக வேறு சில காரியங்கள் வரிசையாக நடந்து வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அற்பமானது. ஒன்றைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை.

எனக்கு லேத் பட்டறை. பந்தயத்துக்குப் போனால் களத்தோரம் பிட் சுவரில் நின்று லேப் நேரம் எடுப்பதும், ஓட்டுகிறவனுக்கு அதைப் பலகையில் எழுதிக் காட்டுவதும் என் வேலை. ஓட்டுகிற தம்பி கல்லூரியில் கடைசி வருஷம். வண்டியைப் பார்த்துக்கொள்வது புதூர்ப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன். அவரிடம் கைவேலைக்கு ஒரு பையன். மொத்த அணியும் இவ்வளவுதான்.

வண்டியும் களமும்

வண்டி யமஹா ஆர்15, 2011இல் வந்த இரண்டாம் பதிப்பு. 149 சிசி, ஒற்றை சிலிண்டர், 4 வால்வு, தண்ணீரால் குளிரும் இஞ்சின், 6 கியர். 8500 ஆர்பிஎம்மில் 17 குதிரைசக்தி. பந்தயத்துக்குப் புதிதாக வருபவர்கள் இதைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் எளிது: பழைய வண்டி நியாயமான விலைக்குக் கிடைக்கும், உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், திருப்பத்தில் சொன்ன பேச்சைக் கேட்கும்.

டிவிஎஸ் 1911இல் தொழில் தொடங்கிய ஊர் மதுரை. ஆனால் மதுரையில் ரேஸ் டிராக் கிடையாது. கிட்டத்தில் இருப்பது கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் போனால் அரை நாளில் வண்டியை இறக்கிவிடலாம். இன்னொன்று ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. சென்னைக்காரர்கள் முன்பு சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டி 1990இல் திறந்த களம் இது. ஒரு சுற்று 3.717 கி.மீ., 12 திருப்பம். சி1, சி2 என்று எண்ணால்தான் எல்லோரும் சொல்வார்கள்.

மதுரையில் களம் இல்லாதது இந்தக் கதைக்கு முக்கியம். ரேஸ் வண்டியை முழு ஆக்சிலேட்டரில் கால் மணி நேரம் விடாமல் ஓட்டிப் பார்க்க இங்கே இடமில்லை. ரிங் ரோட்டில் ராத்திரி ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்புகிற ஆட்கள் உண்டு. பொதுச்சாலையில் ரேஸ் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவின்படி குற்றம் என்பது ஒருபக்கம் இருக்க, நம்பர் பிளேட்டும் லைட்டும் கழற்றிய வண்டியை ரோட்டில் எடுப்பவனை நான் அணியில் சேர்க்க மாட்டேன். ஆக, பட்டறையில் ஸ்டார்ட் பண்ணி, சூடாக்கி, ஆக்சிலேட்டரை நாலு தடவை முறுக்கி, "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று குட்டியானையில் ஏற்றிவிடுவோம். சுமை ஏறினால் மட்டும் வெளியே வரும் கோளாறு எதுவும் மதுரையில் தலைகாட்டாது. 450 கி.மீ. தாண்டிப் போய்த்தான் காட்டும்.

தண்ணீர் மட்டும்தான்

ரோட்டு வண்டியைக் களத்துக்குத் தயார் செய்யும்போது லைட், கண்ணாடி, சைடு ஸ்டாண்டு எல்லாம் போய்விடும். ஆயில் வடிக்கும் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க, அதில் ஓட்டை போட்டு லாக் வயர் கட்ட வேண்டும். இஞ்சின் உடைந்தால் ஆயில் ரோட்டில் ஊற்றாமல் இருக்க, அடியில் தொட்டி மாதிரி பெல்லி பேன். ரேடியேட்டரிலிருந்து பொங்கி வருவதைப் பிடிக்க ஒரு பாட்டில். இதெல்லாம் ஸ்க்ரூட்டினியில், அதாவது பந்தயத்துக்கு முன் நடக்கும் வண்டிச் சோதனையில், பார்ப்பார்கள்.

கூடவே ஒரு விதி: ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கக் கூடாது, வெறும் தண்ணீர்தான். கடையில் பச்சையாகவோ சிவப்பாகவோ விற்கும் கூலன்டில் இருப்பது கிளைக்கால். அது ரோட்டில் சிந்தினால் வழவழவென்று படிந்து லேசில் காயாது. பின்னால் வருகிறவன் சறுக்கி விழுவான். தண்ணீர் என்றால் வெயிலில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும்.

சூட்டைச் சுமக்கும் விஷயத்தில் வெறும் தண்ணீர் கூலன்டைவிட மேல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும், பாதிக்குப் பாதி கிளைக்கால் கலவைக்கு 3.5 பக்கம் போதும். ஆனால் கூலன்டில் துருவையும் படிவையும் தடுக்கும் மருந்துகள் கலந்திருக்கும். வெறும் தண்ணீரில் அது கிடையாது. கொதிநிலையும் குறைவு. சாதாரணமாக 100 டிகிரி. 1.1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி ஒழுங்காக மூடியிருந்தால் 120க்குக் கொஞ்சம் மேலே வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். கூலன்ட் எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றும்போது நமக்கு மிச்சமிருக்கும் பாதுகாப்பு அந்த மூடி ஒன்றுதான்.

என்ன தண்ணீர் என்று விதி கேட்பதில்லை. இங்கேதான் மதுரை உள்ளே வருகிறது.

அந்த வார இறுதி

வியாழன் இரவு ஏற்றி, துவரங்குறிச்சி தாண்டி ஒரு டீ, விழுப்புரத்தில் ஒரு டீ, சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பி ஒரகடம் வழியாக வெள்ளி விடியக்காலை போய்ச் சேர்ந்தோம். வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் சுமார். முன் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் மாட்டும் பல்சக்கரம், செட்டிபாளையத்துக்காகப் போட்ட 14 பல்லிலேயே இருந்தது. அங்கே நேர்ப்பாதை சின்னது, சின்ன கியரிங் சரி. இங்கே நேர்ப்பாதையின் கடைசியில் இஞ்சின் கத்திக்கொண்டே நின்றது. கணக்குப் போட்டால் தெரியும். பின்னால் 47 பல், 130/70-17 டயர், 6ஆவது கியர். 130 கி.மீ. வேகத்துக்கு 14 பல்லில் இஞ்சின் 9600க்கு மேல் சுற்ற வேண்டும், 15 பல்லில் 9000 போதும். உச்ச சக்தி கிடைப்பதே 8500இல் என்னும்போது 9600 வீண் கூச்சல். முன்னால் ஒரு பல் மாற்றுவது பின்னால் மூன்று பல் மாற்றுவதற்குச் சமம் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை, யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் குவாலிஃபையிங். சாயங்காலம் முதல் பந்தயம். இரண்டுக்கும் நடுவில் ஸ்ப்ராக்கெட் மாற்ற நேரமில்லாததால் தம்பி 14 பல்லிலேயே ஓடினான். மேகமூட்டம். எல்லா லேப்பும் 2 நிமிடம் 18 நொடியை ஒட்டியே விழுந்தன, கடைசி லேப்தான் இருப்பதிலேயே வேகம். 9ஆவது இடம். எங்களுக்கு அது பெரிய விஷயம். ராத்திரி 15 பல் மாற்றி, செயின் தளர்வு சரிபார்த்து, பிரேக் பேடு பார்த்து, தண்ணீர் குறைந்திருந்ததை நிரப்பிவிட்டுப் படுத்தோம். தண்ணீர் நிரப்பியது கைவேலைப் பையன். மதுரையிலிருந்து கொண்டுவந்த 20 லிட்டர் கேனிலிருந்து. கேன் மேல் ஒரு குடிதண்ணீர் கம்பெனியின் ஸ்டிக்கர் இருந்தது. உள்ளே இருந்தது பட்டறை போர் தண்ணீர்.

ஞாயிறு வெயில் சுட்டெரித்தது. எங்களுக்கு முந்தைய பந்தயத்தில் யாரோ விழுந்து சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள். அதனால் எங்கள் பிரிவு வண்டிகள் பிட் வாசலில் வரிசையாக நின்றன. சிலர் இஞ்சினை நிறுத்தினார்கள். தம்பி நிறுத்தவில்லை. செல்ஃப் மோட்டாருக்கு பேட்டரி தாங்குமா என்று அவனுக்குப் பயம். ஃபேன் இல்லாத வண்டி. எடை குறைக்கவென்று போன வருஷமே ரேடியேட்டர் ஃபேனைக் கழற்றியாகிவிட்டது.

தொடக்கம் அருமை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் லேப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் 2:17.2, 2:17.0. வந்ததிலேயே நல்ல நேரம். நான்காவது லேப் 2:19.6. பலகையில் "+2" எழுதிக் காட்டும்போதே எனக்கு உறுத்தியது. முன்னால் போகிறவனை முந்தப் பார்த்து மாட்டிக்கொண்டானோ என்று பார்த்தால், முன்னால் பக்கத்தில் யாருமே இல்லை. ஐந்தாவது லேப்பில், களத்தோரம் கொடி காட்டுபவர்கள் நிற்கும் ஒரு மார்ஷல் போஸ்ட்டில் கறுப்புக் கொடி, நடுவில் ஆரஞ்சு வட்டம், கூடவே எங்கள் நம்பர். வண்டியில் ஏதோ ஒழுகுகிறது, உடனே வெளியேறு என்று அர்த்தம். அடுத்த போஸ்ட்டில் மஞ்சளும் சிவப்பும் பட்டையடித்த கொடி: ரோடு வழுக்கும், ஜாக்கிரதை. தம்பி கையைத் தூக்கிவிட்டு ஓரம் கட்டினான்.

அன்றைக்கு அந்தத் தண்ணீர் விதி எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வண்டி சிந்தியதன் மேலேயே பத்துப் பதினைந்து வண்டிகள் போயின. ஒருவரும் விழவில்லை. பந்தயம் நிற்காமல் முடிந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது, இஞ்சின் சூடானால் மீட்டரில் எரியும் சிவப்பு விளக்கைப் பற்றி மெக்கானிக் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடந்த பேச்சு இது.

"ரெட் லைட் எரிஞ்சுச்சா மாப்ள?"

"எரிஞ்சுச்சுண்ணே. நாலாவது லேப்புலயே."

"அப்புறம் ஏன்டா ஓட்டுன?"

"ரெண்டு லேப்தான இருக்குன்னு நெனச்சேன். இழுவை வேற இல்ல. கிளட்ச் நழுவுதோன்னு நெனச்சுட்டேன்."

யார் மேல் சந்தேகம்

ஊர் திரும்பும் வழியெல்லாம் ஆளுக்கொரு காரணம் ஓடியது. மெக்கானிக் அண்ணனுக்கு கேஸ்கட் மேல் கோபம். தம்பிக்கு 15 பல் மேல்: பெரிய கியரிங்கில் இஞ்சின் திணறிச் சூடாகிவிட்டது என்றான். எனக்கு ஃபேன் மேல்.

கியரிங் வாதம் முதலில் விழுந்தது. 15 பல்லோடுதான் அவனுடைய வேகமான இரண்டு லேப்பும் வந்தன. திணறும் இஞ்சின் அந்த நேரத்தைத் தராது. கேஸ்கட் வாதத்தில் பாதி உண்மை. பிரித்தபோது எக்ஸாஸ்ட் பக்கம், சிலிண்டர் விளிம்புக்கும் தண்ணீர்த் துவாரத்துக்கும் நடுவே கேஸ்கட்டில் கறுப்பாக ஒரு பாதை எரிந்திருந்தது. அந்த வழியாகப் புகை தண்ணீருக்குள் போயிருக்கிறது. ஆனால் ஹெட்டைத் திருப்பி நேர்விளிம்பு வைத்துப் பார்த்தால், அதே இடத்தில் இடைவெளி அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு உள்ளே நுழைந்தது. ஹெட் வளைந்திருக்கிறது. மட்டமான கேஸ்கட் ஹெட்டை வளைக்காது. சூடுதான் வளைக்கும். ஸ்பார்க் பிளக்கின் பீங்கானில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் வேறு. தட்டி வெடிக்கும் எரிப்பு நடந்ததற்கான அடையாளம் அது. இழுவை குறைந்தது கிளட்சால் அல்ல.

ஃபேன் வாதம்தான் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பிட் வாசலில் காத்திருந்தபோது சூடேறியிருக்கும், சரி. ஆனால் ஓடத் தொடங்கி 100 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்று அடிக்கும்போது அந்தச் சூடு ஒரு லேப்பில் இறங்கிவிட வேண்டும். ரேடியேட்டர் ஆரோக்கியமாக இருந்தால் நான்காவது லேப்பில் விளக்கு எரிய நியாயமில்லை.

சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தோம். தெர்மாமீட்டர் 80 தாண்டியதும் ஒழுங்காகத் திறந்தது. ரேடியேட்டர் மூடியை பஞ்சர் கடைக் காற்றும் மீட்டரும் வைத்துச் சோதித்தோம். 1 பாருக்கு மேல் பிடித்தது. வாட்டர் பம்ப்பின் அடியில் சொட்டுத் துவாரம் ஒன்று உண்டு. சீல் போயிருந்தால் அதில் ஈரமோ தடமோ தெரியும். காய்ந்து கிடந்தது. ஆயில் நிறம் மாறவில்லை, ஆகவே தண்ணீர் ஆயிலுக்குள்ளும் போகவில்லை.

அப்புறம் ஹெட்டில் தண்ணீர் ஓடும் குழிகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். எக்ஸாஸ்ட் வால்வு இருக்கும் பக்கத்தில் சாம்பல் கலந்த வெள்ளையாக ஒரு தோல். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினால் ஓடு ஓடாக உரிந்தது. ஒரு துண்டைத் தட்டில் வைத்து அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். நுரைத்தது. வெந்நீர் போட்டுப் போட்டு வீட்டுப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதே சுண்ணாம்புதான்.

இன்டேக் பக்கம் படிவு மெல்லியது, ரேடியேட்டர் குழாய்களில் அதைவிட மெல்லியது. இதற்குக் காரணம் உண்டு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், சூடானால் பிரிந்து கால்சியம் கார்பனேட்டாக வெளியே வரும். எங்கே சூடு அதிகமோ அங்கேதான் அதிகம் படியும். இஞ்சினில் தண்ணீர் தொடும் இடங்களிலேயே அதிகச் சூடு எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றித்தான். குளிர்ச்சி எங்கே மிக அவசியமோ சரியாக அங்கே போய் அது கம்பளி போர்த்திக்கொள்கிறது. அலுமினியத்தோடு பார்த்தால் இந்தப் படிவு சூட்டைக் கடத்துவது சுமார் நூறில் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர் தோல் போதும். வெளியில் ரேடியேட்டர் பளபளவென்று இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு லிட்டரில் இவ்வளவு எப்படி வரும்?

"போர் தண்ணி ஊத்துனது தப்பு" என்று இங்கேயே முடித்திருக்கலாம். அண்ணன் முடித்துவிட்டார். எனக்குக் கணக்கு இடித்தது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மைக்கு உச்சவரம்பு லிட்டருக்கு 600 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் ஏற்கக்கூடிய அளவு அது. நம் போரில் அவ்வளவு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இந்த வண்டியின் மொத்தத் தண்ணீர் ஒரு லிட்டரைச் சுற்றித்தான். முழுச் சுண்ணாம்பும் படிந்தாலும் 0.6 கிராம். அதைத் தடவினால் கண்ணுக்குக்கூடத் தெரியாது. மூடி போட்ட ஒரு சுற்றுக்குள் ஒரே தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தால் அது எவ்வளவு உப்பாக இருந்தாலும் ஒருமுறை படிந்து முடிந்துவிடும். ஹெட்டிலிருந்து நாங்கள் சுரண்டி எடுத்தது ஒரு மேசைக்கரண்டிக்கு வந்தது. அப்படியானால் திரும்பத் திரும்பப் புதுத் தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும்.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டோம். "ஒவ்வொரு தடவை ஓட்டி முடிச்சதும் ஒரு டம்ளர் கொறையும்ணே. ஊத்தி வெச்சுருவேன்" என்றான். அவனுக்கு அது வழக்கமான வேலை. செயினுக்கு ஆயில் போடுவது போல, தண்ணீர் ஊற்றுவது. தண்ணி குறைஞ்சா ஊத்து என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் குறைகிறது என்று கேள் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நூறு டம்ளர் என்றால் 20 லிட்டர். உச்சவரம்புக் கணக்கில் 12 கிராம். மேசைக்கரண்டி நிரம்பிவிட்டது.

பம்ப் சீல் காய்ந்திருக்கிறது, ஆயிலில் இல்லை, ஹோஸ்கள் புதுசு. தண்ணீர் எங்கே போனது?

பாட்டிலில். ரோட்டு வண்டியில் ரேடியேட்டர் மூடிக்குள் இரண்டு வால்வு இருக்கும். சூடாகித் தண்ணீர் விரியும்போது ஒன்று திறந்து, மிச்சத்தைப் பக்கத்துத் தொட்டிக்கு அனுப்பும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, இன்னொன்று திறந்து அதே தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு ஒரு நிபந்தனை: தொட்டிக்குள் குழாய் முனை தண்ணீருக்கு அடியில் மூழ்கியிருக்க வேண்டும். களத்துக்காக எங்கள் வண்டியில் அசல் தொட்டியை எடுத்துவிட்டு, பெல்லி பேன் பக்கம் ஒரு பாட்டில் கட்டியிருந்தார்கள். குழாய் மூடியில் போட்ட ஓட்டை வழியே இரண்டு விரல் அளவு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். துப்பியது பாட்டிலில் விழும். ஆறும்போது காற்றை உறிஞ்சும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு டம்ளர் வெளியே, அந்த இடத்தில் காற்று உள்ளே. பையன் பாட்டிலைக் கொட்டிவிட்டு, மேலே புதுசாக ஒரு டம்ளர் போர் தண்ணீர் ஊற்றுவான்.

பாட்டில் இருக்கிறதா என்பது ஸ்க்ரூட்டினியின் கேள்வி. இருந்தது. குழாய் எவ்வளவு நீளம் என்பது நம் கேள்வி. அதை ஒருவரும் கேட்கவில்லை. ஆறு அங்குலக் குழாய் துண்டு ஒன்று இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருக்காது.

இனி ஞாயிற்றுக்கிழமையைப் படிக்கலாம். ஹெட்டுக்குள் ஏற்கெனவே சுண்ணாம்புத் தோல். பிட் வாசலில் ஃபேன் இல்லாமல் காத்திருந்ததில் இஞ்சின் சூடாகவே கிளம்பியது. தம்பி வந்ததிலேயே வேகமாக இரண்டு லேப் ஓட்டினான், அதாவது வந்ததிலேயே அதிகப் பெட்ரோலை எரித்தான். எரிகிற பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. மிச்சமெல்லாம் சைலன்சர் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் சூடாக வெளியேற வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி அது வெளியேற முடியாமல் உலோகம் சூடேறி, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழாகியிருக்கும். ஆவி இடத்தை அடைத்துக்கொண்டு தண்ணீரை மூடி வழியாகத் தள்ளும். தண்ணீர் குறையக் குறைய இன்னும் சூடு. விளக்கு எரிந்தது அந்தக் கட்டத்தில். அப்போது பிட்டுக்குள் வந்திருந்தால் ஹெட் தப்பியிருக்கும் என்பது என் ஊகம். வரவில்லை. ஹெட் வளைந்தது, கேஸ்கட் எரிந்தது, எரிப்பு அழுத்தம் தண்ணீருக்குள் புகுந்து மிச்சத்தையும் வெளியே தள்ளியது. பாட்டில் நிரம்பி, பெல்லி பேன் நிரம்பி, ரோட்டில் ஒழுகியதைத்தான் மார்ஷல் பார்த்தார்.

சனிக்கிழமை ஏன் தப்பித்தது? மேகம், காத்திருப்பு இல்லை, லேப்புக்கு ஒரு நொடி மெதுவு. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாற்றியவை

குழாயை பாட்டிலின் அடிவரை இறக்கியாகிவிட்டது. பாட்டிலும் உள்ளே தெரிகிற மாதிரி மாற்றி, கோடு போட்டிருக்கிறோம். தண்ணீர் இனி பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர்தான். ஒரு சீசனுக்கு ஆகும் செலவு ஒரு பிரேக் பேடு விலைகூட வராது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாமே, அதிலும் உப்பு கிடையாதே என்று தம்பி கேட்டான். உப்பு இல்லைதான். ஏசிக்குள் இருக்கும் தூசியும் பாசியும் இருக்கும். வேண்டாம் என்றேன். டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்து நல்ல தண்ணீர் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கரைந்த உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. சோப்பு நுரைக்கிறதா என்று பார்ப்பது அதைவிட உருப்படியான சோதனை.

ரேடியேட்டரையும் சிலிண்டரின் தண்ணீர்ப் பாதைகளையும் கழுவ, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிடை வெதுவெதுப்பான தண்ணீரில் இலேசாகக் கரைத்து ஊற்றி, நுரை அடங்கியதும் நன்றாக அலசினோம். சீக்கிரம் வேலை முடிய வேண்டும் என்று பாத்ரூம் கழுவும் ஆசிடை ஊற்றுகிற பழக்கம் நம்மூர்ப் பட்டறைகளில் உண்டு. அது சுண்ணாம்போடு அலுமினியத்தையும் தின்னும். ரேடியேட்டர் குழாயின் சுவர் மெல்லியது, தாங்காது.

ஹெட்டை என் லேத்திலேயே முகம் சீவிச் சமமாக்கியிருக்கலாம். அரை மணி நேர வேலை. சீவவில்லை. சீவினால் எரிப்பு அறையின் கொள்ளளவு குறைந்து கம்ப்ரஷன் ஏறும். இந்த வண்டிக்கு அசல் 10.4:1. இஞ்சினை அசலாகவே வைத்திருக்க வேண்டிய ஸ்டாக் பிரிவில் ஓடும் வண்டியைப் பந்தயம் முடிந்ததும் பிரித்து அளக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. தெரிந்தே மாற்றியது போல ஆகிவிடும். பழைய ஹெட் ஒன்று தேடி வாங்கினோம். அதன் தண்ணீர்க் குழிகளுக்குள் முதல் வேலையாக டார்ச் அடித்துப் பார்த்தார் அண்ணன்.

ஃபேன் விஷயத்தில் இன்னும் ஒத்துப்போகவில்லை. திரும்பப் போடு என்பது என் கட்சி. எடை கொஞ்சம்தான், காத்திருக்கும்போது உயிரைக் காப்பாற்றும். போட்டால் பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும், பேசாமல் காத்திருக்கும்போது இஞ்சினை நிறுத்தப் பழகட்டும் என்பது அண்ணன் கட்சி. இப்போதைக்கு அவர் சொன்னபடிதான் நடக்கிறது. புது பேட்டரி வாங்கியிருக்கிறோம், செல்ஃப் பயம் இனி சாக்கு ஆகாது. மீட்டரில் இருக்கும் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் "எரிஞ்சா உள்ள வா" என்று பெயின்ட் மார்க்கரில் எழுதியிருக்கிறார்.

பையன் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் பாட்டில் கோடு எங்கே இருந்தது, எவ்வளவு ஊற்றினான் என்று. செட்டிபாளையம் போய்வந்த பிறகு பார்த்தேன். ஊற்றிய அளவுக்கு நேரே எல்லா வரியிலும் சுழியம். ஹெட் வாங்கிய காசில் பாதியைத் தம்பி தர வேண்டும், விளக்கு எரிந்தும் ஓட்டியதற்கு என்கிறார் அண்ணன். குழாயைக் குட்டையாக வெட்டியது யார் ஒர்க்‌ஷாப்பில் என்று தம்பி திருப்பிக் கேட்கிறான். அது இன்னும் தீரவில்லை.